விசில் ஊதாமல் விழுந்த கோல்: 2023 பெங்களூரு–கேரளா ஆட்டம், முழு நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் 3, வெள்ளிக்கிழமை இரவு. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) நாக்அவுட் ஆட்டம். 90 நிமிடம் ஓடியும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. எக்ஸ்ட்ரா டைமில், 96ஆவது நிமிடத்தில், பாக்ஸுக்கு, அதாவது கோல் முன்னால் உள்ள பெனால்டி எல்லைக்கு, சற்று வெளியே பெங்களூரு எஃப்சிக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரளா பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் பிரப்சுகன் கில், பந்தை மறிக்க ஆட்களை வரிசையாக நிறுத்தி ‘சுவர்’ கட்டும் வேலையில் இருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தை அடித்து வலைக்குள் போட்டுவிட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் என்றார். கேரளா வீரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சற்று நேரத்தில் கோச் இவான் வுகொமனோவிச் தன் ஆட்களை வெளியே வரும்படி கூப்பிட்டார். போனவர்கள் போனவர்கள்தான். சுமார் 20 நிமிடம் பார்த்துவிட்டு, பெங்களூரு 1-0 என வென்றதாக அறிவித்து ஆட்டத்தை முடித்தார்கள்.

இந்தியக் கால்பந்தில் இதைவிட மோசமான நடுவர் தீர்ப்புகள் நிறைய உண்டு. ஆனால் இந்த அளவுக்கு வாய்ச்சண்டை வளர்த்த தீர்ப்பு வேறில்லை. இரண்டு பக்க ரசிகர்களும் இன்றும் விடவில்லை. ஒரு பக்கம் “கொள்ளை” என்கிறது, மறுபக்கம் “ஓடிப்போனவர்கள்” என்கிறது. என் கணக்கு வேறு. அந்தக் கோல் செல்லுமா என்ற கேள்விக்கு விதிப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது, அது கேரளாவுக்கு அவ்வளவு சாதகமில்லை. ஆனால் கேரளா ரசிகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நடுவரிடம் இல்லை, சொந்த நிர்வாகத்திடம் இருந்தன. அவற்றை அந்த வெளிநடப்பு மூடிவிட்டது.

பகை எங்கிருந்து வந்தது

பெங்களூரு எஃப்சி 2013இல் ஜேஎஸ்டபிள்யூ குழுமம் தொடங்கிய கிளப். முதலில் ஐ-லீக், 2017இல் இருந்து ஐஎஸ்எல். கேரளா பிளாஸ்டர்ஸ் 2014இல் ஐஎஸ்எல்லோடு பிறந்தது. ஆரம்பத்தில் சச்சின் டெண்டுல்கர் அதன் பங்கு உரிமையாளர். கொச்சி கலூர் மைதானத்தை மஞ்சளால் நிரப்பும் கேரளா ரசிகர் படை ‘மஞ்ஞப்பட’வும், கண்டீரவாவின் மேற்குப் பக்கத்தை நீலமாக்கும் பெங்களூரு ரசிகர் படை ‘வெஸ்ட் பிளாக் புளூஸ்’ஸும் நேருக்கு நேர் வந்தால் ஆட்டத்தைவிட கேலரி சூடாக இருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் மலையாளிகள் ஏராளம். கொச்சியில் இருந்து கோயம்புத்தூர், சேலம், ஓசூர் வழியாக ஒரே ராத்திரியில் பஸ்ஸில் வந்துவிடலாம். அதனால் கண்டீரவாவில் ‘வெளியூர் ஆட்டம்’ என்பது கேரளாவுக்குப் பாதி உண்மைதான்.

கோப்பை கணக்கில் மட்டும் இரண்டும் ஒன்றல்ல. பெங்களூரு ஐ-லீக் வென்றது, 2018-19இல் ஐஎஸ்எல்லும் வென்றது. கேரளா 2014, 2016, 2022 என மூன்று இறுதிப்போட்டிகள் ஆடி மூன்றிலும் தோற்றது. 2016 தோல்வி சொந்த ஊர் கொச்சியில், பெனால்டி ஷூட்டவுட்டில். 2022இல் கோவாவில் ஹைதராபாத்திடம், அதுவும் ஷூட்டவுட்டில். கூட்டத்துக்குக் குறைவில்லாத, கோப்பைக்கு வழியில்லாத கிளப் என்ற குத்தல் பேச்சு கேரளா ரசிகன் காதில் விழாத நாளே கிடையாது. 2021 ஜூனில் வந்த வுகொமனோவிச் முதல் சீசனிலேயே அணியை இறுதிக்குக் கொண்டுபோனார். ரசிகர்களுக்கு அவர் ‘ஆசான்’ ஆனது அதற்குப் பிறகுதான். ஆசான் சொன்னால் சரி என்கிற மனநிலை அங்கே அப்போதே வந்துவிட்டது.

2022-23 சீசனில் விதியை மாற்றினார்கள். லீக்கில் முதல் இரண்டு இடம் நேராக அரையிறுதி. 3 முதல் 6 வரை வந்தவர்கள் ஒற்றை ஆட்ட நாக்அவுட் ஆட வேண்டும், மேலே முடித்தவரின் மைதானத்தில். பெங்களூரு சீசனின் முதல் பாதியில் தடுமாறி, கடைசி 8 லீக் ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று 34 புள்ளிகளோடு 4ஆவது இடம் பிடித்தது. கேரளா நேரெதிர். நடுவில் தோல்வியே இல்லாமல் நீண்ட ஓட்டம் ஓடிவிட்டு, பிப்ரவரியில் பெங்களூரிடம், ஏடிகே மோகன் பகானிடம், கொச்சியிலேயே ஹைதராபாத்திடம் என்று கடைசி மூன்றையும் வரிசையாகத் தோற்றது. 31 புள்ளி, 5ஆவது இடம். அந்த மூன்றில் பெங்களூரை மட்டும் வென்றிருந்தால்கூட இடம் மாறி, நாக்அவுட் கலூரில் நடந்திருக்கும். இதைப் பற்றி மார்ச் 4ஆம் தேதி யாரும் பேசவில்லை.

பெங்களூரு தரப்பிலும் அந்த சீசனில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. 38 வயது சேத்ரியைத் தொடக்க அணியில் வைக்க வேண்டுமா? கோச் சைமன் கிரேசன் பல ஆட்டங்களில் அவரை உட்காரவைத்துவிட்டு, ராய் கிருஷ்ணாவோடு சிவசக்தி நாராயணனை இறக்கினார். சிவசக்தி நம்ம காரைக்குடிப் பக்கத்து கண்டனூர்ப் பையன். அந்தத் தொடர் வெற்றிகளில் அவர் ஓட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. “தலைவனை பெஞ்சில் வைப்பதா” என்று ஒரு கூட்டமும், “சின்னப் பையன் ஓடுற ஓட்டத்தைப் பாரு” என்று இன்னொரு கூட்டமும் மோதிக்கொண்டிருந்தன. கேரளாவுக்கு எதிரான அந்த இரவிலும் சேத்ரி பிற்பாடுதான் உள்ளே வந்தார். அவர் அடித்த கோல் அந்த விவாதத்தையும் பாதியிலேயே நிறுத்திவிட்டது.

அந்தச் சில நொடிகள்

சேத்ரி ஆட்டம் முடிந்த கையோடு டிவியில் சொன்னதன் சாரம் இது: எனக்கு விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொன்னேன். நிச்சயமாகவா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பக்கத்தில் நின்ற கேரளா வீரர் அட்ரியன் லூனாவுக்கு இது காதில் விழுந்தது. அதனால்தான் நான் முதலில் அடிக்கப் போனபோது அவர் குறுக்கே வந்து தடுத்தார்.

கேரளா தரப்பு சொன்னது: பந்தின் இடத்தை நடுவர் குறித்தார், எங்கள் ஆட்களை விலகச் சொன்னார். அப்படியானால் இது விசிலுக்குக் காத்திருக்க வேண்டிய ஃப்ரீ கிக். கோல்கீப்பர் சுவரைச் சரிசெய்யும்போது அடிக்க விட்டது அப்பட்டமான தவறு.

காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் மூன்று ஆட்கள் முக்கியம். பந்தின் மேல் சேத்ரி. அவர் முன்னால் வந்து, பிறகு விலகி நகரும் லூனா. போஸ்ட்டுக்குப் பக்கத்தில் சுவரைக் கட்டிக்கொண்டிருக்கும் கில். சேத்ரி கோல் பக்கம் பார்க்கிறார், லூனா விலகிய உடனே, ஓடிவரக்கூட இல்லாமல், பந்தைத் தூக்கிவிடுகிறார். வலுவான அடி அல்ல. கில் தன் இடத்தில் நின்றிருந்தால் கையால் பிடித்திருப்பார்.

அந்த வாரம் பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்களுக்குள்ளும் இதே பேச்சுதான். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் கேரளா ரசிகன், இன்னொருவன் பெங்களூரிலேயே வளர்ந்தவன்.

“டேய், கீப்பர் போஸ்ட்டுகிட்ட நின்னு சுவர் கட்டிட்டு இருக்கான். அப்ப அடிக்கிறது என்னடா வீரம்?”

“வீரம் இல்ல மச்சி, விவரம். பந்து மேல உங்க ஆளு ஒருத்தன் நின்னிருந்தா அடிச்சிருக்க முடியுமா?”

“விசில் எங்கடா? விசில் அடிக்காம எப்படி கோல்?”

“எல்லா ஃப்ரீ கிக்குக்கும் விசிலா அடிக்கிறாங்க? மிட்ஃபீல்டுல டக்குன்னு தட்டிவிட்டா நீ விசில் கேட்பியா?”

கடைசிக் கேள்விக்குக் கோயம்புத்தூர்க்காரனிடம் பதிலில்லை. பல கேரளா ரசிகர்களின் நிலைமையும் அதுதான். டிவியில் நாம் பார்க்கிற பாக்ஸ் ஓரத்து ஃப்ரீ கிக் எல்லாம் சுவர், ஸ்பிரே, விசில், அப்புறம் அடி என்ற சடங்கோடுதான் வருகிறது. பார்த்துப் பார்த்து அதையே விதி என்று நம்பிவிட்டோம்.

விதிப்புத்தகம் என்ன சொல்கிறது

ஃப்ரீ கிக்குக்கு 13ஆவது விதி. பந்து அசையாமல் இருக்க வேண்டும், எதிரணியினர் 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆனால் அந்தத் தூரம் அடிப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. வேண்டாம் என்று அவர் விட்டுக்கொடுத்து உடனே அடிக்கலாம். அப்படி அடித்த பந்தைப் பக்கத்தில் நிற்கும் எதிரணிக்காரர் இடைமறித்தால் ஆட்டம் தொடரும். அதேசமயம், உடனே அடிக்க விடாமல் வேண்டுமென்றே தடுத்தால் அவருக்கு மஞ்சள் அட்டை காட்ட வேண்டும்.

விசில் எப்போது கட்டாயம்? தூரத்தை அளந்து சுவரை நிறுத்தச் சொல்லிக் கேட்டால், அட்டை காட்டினால், காயத்துக்காக ஆட்டம் நின்றால், ஆள் மாற்றினால். மற்ற நேரங்களில் தேவையில்லை. கோல்கீப்பர் தயாரா என்று பார்க்க வேண்டிய கடமை நடுவருக்குக் கிடையாது. “கீப்பர் ரெடி இல்ல” என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

கேரளாவின் உண்மையான வாதம் ஒன்றுதான் மிஞ்சுகிறது: நடுவர் தலையிட்டாரா? வீரர்களை நகர்த்தும் வேலையில் அவர் இறங்கியிருந்தால், ‘உடனடி’ என்ற கட்டம் முடிந்துவிட்டது, இனி என் விசிலுக்குக் காத்திரு என்று அவர் சைகை காட்டியிருக்க வேண்டும். அப்படிக் காட்டியிருந்தால் கோல் செல்லாது. காட்டவில்லை என்றால் செல்லும். கிரிஸ்டல் ஜான் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டார் என்பதுதான் எனக்குத் தெரிகிற குறை. அடிப்பவரிடம் பேசி முடித்தவர், தடுக்கிறவர்களுக்கும் தெரியும்படி தள்ளி நின்று கையை விரித்திருக்கலாம். விதி அதைக் கேட்கவில்லை, அனுபவம் கேட்கும்.

லூனா விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் முதல் முயற்சியைத் தடுத்ததும் நடுவர் மஞ்சள் அட்டை காட்டியிருந்தால், அட்டை காட்டியதாலேயே அது விசிலுக்குக் காத்திருக்க வேண்டிய ஃப்ரீ கிக் ஆகியிருக்கும். சுவர் நின்றிருக்கும், கில் நடுவில் நின்றிருப்பார். அதாவது லூனா இன்னும் முரட்டுத்தனமாகப் பந்தின் மேலேயே நின்று அட்டை வாங்கியிருந்தால் கேரளா தப்பித்திருக்கும். மலப்புறத்து செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர்) ஆட்டத்தில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபவுல் விசில் அடித்த நொடியே ஒருத்தன் போய்ப் பந்தின் மேல் நின்றுவிடுவான். கில்லும் பந்துக்கு முதுகு காட்டும் முன் அதன் பக்கத்தில் ஒருவரை நிறுத்தியிருக்க வேண்டும். முந்தைய சீசனில் சிறந்த கீப்பருக்கான கோல்டன் குளவ் வாங்கியவர் அவர்.

இதற்கு முன் நடந்தவை

2004 டிசம்பர் 12, லண்டன் ஹைபரி. ஆர்சனலின் தியரி ஆன்ரி, செல்சி கீப்பர் பீட்டர் செக் சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஃப்ரீ கிக்கை அடித்துக் கோல் போட்டார். சுவர் வேண்டுமா, இப்போதே அடிக்கிறாயா என்று நடுவர் கிரகாம் போல் கேட்க, ஆன்ரி இப்போதே என்றார். கண்டீரவாவில் நடந்ததாக சேத்ரி சொன்ன உரையாடலின் அண்ணன் மாதிரி இருக்கிறது. செல்சி கத்தியது, கோல் நின்றது, ஆட்டம் 2-2 என முடிந்தது.

2007 பிப்ரவரி 20 இன்னும் நெருக்கமான உதாரணம். சாம்பியன்ஸ் லீக்கில் பிரான்சின் லீல் அணிக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட்டின் ரயான் கிக்ஸ் 83ஆவது நிமிடத்தில் அதேபோல் அடித்தார். லீல் வீரர்கள் கொதித்துப்போய் டச்லைன் பக்கம் நகர்ந்தார்கள், ஆட்டமே நிற்கப்போகிறது என்று தோன்றியது. ஆனால் திரும்பி வந்து ஆடினார்கள். 1-0 தோல்வி. பிறகு முறைப்படி புகார் கொடுத்தார்கள், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ அதைத் தள்ளுபடி செய்தது. இரண்டு ஆட்டச் சுற்று என்பதால் இரண்டாவது ஆட்டம் ஆடும் வாய்ப்பாவது கையில் இருந்தது.

“மறு ஆட்டம் வை” என்ற கேரளாவின் கோரிக்கைக்கு உலகத்தில் முன்மாதிரியே இல்லை என்று பெங்களூரு ரசிகர்கள் சொன்னது சரியில்லை. 2005 செப்டம்பரில் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் உஸ்பெகிஸ்தான்–பஹ்ரைன் ஆட்டத்தை ஃபிஃபா ரத்து செய்து மறுபடி நடத்தியது. பெனால்டி அடிக்கும்போது உஸ்பெக் வீரர் முன்கூட்டியே பாக்ஸுக்குள் நுழைந்துவிட்டார். கோல் விழுந்ததால் மறுபடி பெனால்டி அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஜப்பானிய நடுவர் தோஷிமிட்சு யோஷிதா அதற்குப் பதிலாக பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். கண்ணால் பார்த்ததில் வந்த பிழை இல்லை, விதியையே மாற்றிப் போட்டது. புகார் கொடுத்ததும் அந்த ஆட்டத்தை 1-0 என வென்றிருந்த உஸ்பெகிஸ்தான்தான். 3-0 கொடுங்கள் என்று கேட்டது. கிடைத்தது மறு ஆட்டம். அது 1-1, அடுத்தது 0-0, கோல் கணக்கு சமமானதால், எதிரணி மண்ணில் கோல் அடித்தவர் என்ற கணக்கில் பஹ்ரைன் மேலே போனது. வென்ற ஆட்டத்தையும் புகார் கொடுத்தே இழந்த கதை.

கேரளாவின் புகார் இந்த வகையில் சேர வேண்டுமானால், விசிலுக்குக் காத்திருக்கச் சொல்லிவிட்டு விசில் இல்லாமல் கோல் கொடுத்தார் என்று நிரூபிக்க வேண்டும். நடுவர் ‘நான் அனுமதித்தேன்’ என்று சொல்லிவிட்டால் அது மைதானத்தில் நடந்தது பற்றிய அவர் முடிவு. 5ஆவது விதிப்படி அதுதான் இறுதி. மார்ச் 6ஆம் தேதி அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, மறு ஆட்டம் வேண்டும், நடுவரைத் தடை செய்ய வேண்டும் என்ற கேரளாவின் புகாரைத் தள்ளியதும் இந்த வழியில்தான்.

24 நிமிடம்

வுகொமனோவிச் அணியைக் கூப்பிட்டபோது மீதி இருந்தது 24 நிமிடமும் இடையில் சேரும் நேரமும். பின்தங்கியது ஒரே ஒரு கோல். எதிரணி 90 நிமிடமாக இந்தத் தடுப்பை உடைக்க முடியாத அணி. நடுவரோ ஒரு பெரிய முடிவை எடுத்துவிட்டுக் கூட்டத்தின் நடுவில் தனியாக நிற்கிறார். அந்த நிலையில் உள்ள எந்த நடுவரும் அடுத்த 24 நிமிடம் எப்படி விசில் அடிப்பார் என்பது கால்பந்து பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். விளையாட்டு ரீதியில் பார்த்தால் கேரளாவின் மிக நல்ல வாய்ப்பு அந்த 24 நிமிடம்தான். சட்ட ரீதியிலும் அப்படியே. ஆடி முடித்துப் புகார் கொடுத்த அணி பாதிக்கப்பட்ட அணி. எழுந்துபோன அணி குற்றம் சாட்டப்பட்ட அணி.

கோபம் புரியாமல் இல்லை. வி.ஏ.ஆர். (நடுவர் முடிவைக் காணொளியில் சரிபார்க்கும் முறை) இல்லாத லீக். நடுவர் ஒருமுறை கை காட்டிவிட்டால் திரும்பிப் பார்க்க வழியே கிடையாது. ஒரு வருஷம் முன்னால் ஷூட்டவுட்டில் கோப்பையை விட்ட அணி. ஆனால் வீரர்கள் கோபப்படலாம், கேலரி கோபப்படலாம். அந்த ஒரு நிமிடத்தில் தலை சூடாகாமல் இருக்கத்தான் கோச்சுக்குச் சம்பளம். லூனா முதல் பெஞ்சில் இருந்த சின்னப் பையன் வரை யாரும் “போகலாம்” என்று சொந்தமாக முடிவெடுக்கவில்லை. ஆசான் கூப்பிட்டார், வந்தார்கள்.

மறுநாள் கொச்சி விமான நிலையத்தில் அணியை வரவேற்க ரசிகர்கள் திரண்டு, வுகொமனோவிச்சை வெற்றி பெற்றவரைப் போலக் கொண்டாடினார்கள். நாக்அவுட்டில் வெளியேறிய அணிக்கு அப்படி ஒரு வரவேற்பு நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்னொரு பக்கம் சேத்ரியைச் சமூக வலைத்தளங்களில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இந்திய அணிக்காக அதே ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடிய மனிதர் அவர்.

தண்டனை அதிகமா?

மார்ச் 31ஆம் தேதி தீர்ப்பு. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பகிரங்க மன்னிப்பு. மன்னிப்புக் கேட்காவிட்டால் 6 கோடி. வுகொமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம், மன்னிப்பு. கேட்காவிட்டால் 10 லட்சம். இரு தரப்பும் ஏப்ரல் தொடக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டன. அந்தச் சூட்டில் எடுத்த முடிவு, மைதானத்தை விட்டுப் போனது முறையல்ல என்று கிளப் ஒப்புக்கொண்டது. மேல்முறையீட்டுக் குழுவும் தண்டனையைக் குறைக்கவில்லை.

ஆட்டத்தைக் கைவிட்டால் குறைந்தபட்சம் 6 லட்சம் என்று இருக்கும் விதியில் 4 கோடி போட்டது கேரளா ரசிகர்களை இன்னும் எரியவிட்டது. ஆனால் கீழ்வரம்பு மட்டும்தான் 6 லட்சம். பெரிய குற்றமென்றால் அணியைத் தொடரில் இருந்தே நீக்கவும் இடமுண்டு. ஒப்பிட வேண்டியது 2012 டிசம்பர் 9 கொல்கத்தா டெர்பியை, அதாவது மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தை. பகானின் ஓடாஃபா ஒகோலிக்குச் சிவப்பு அட்டை, அதே அணியின் சையத் ரஹீம் நபி மீது கேலரியில் இருந்து கல். இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் மைதானத்துக்கு வரவில்லை. சம்மேளனம் முதலில் 2 ஆண்டு தடை போட்டது. ஜனவரியில் அதை நீக்கிவிட்டு, 2 கோடி அபராதம், அதுவரை சேர்த்த புள்ளிகள் பூஜ்யம் என்று மாற்றியது. பாதுகாப்பு இல்லை என்றாவது பகானால் சொல்ல முடிந்தது. கேரளாவுக்கு அதுவும் இல்லை. நாக்அவுட் என்பதால் வெட்டுவதற்குப் புள்ளியும் இல்லை. பத்து வருஷ விலைவாசியைச் சேர்த்தால் 4 கோடி வானத்தில் இருந்து விழுந்த எண் அல்ல என்பது என் கருத்து. கோச்சுக்கு 10 ஆட்டம் கொஞ்சம் கை மீறியதுதான்.

தண்டனை பெற்ற அணி தன் வேலையைப் பார்த்தது. ஏப்ரலில் கோழிக்கோட்டில் சூப்பர் கப்; உதவி கோச் ஃபிராங்க் டாவன் அணியை நடத்தினார். பெங்களூரோடு அங்கே 1-1. செப்டம்பர் 21ஆம் தேதி அடுத்த ஐஎஸ்எல்லின் முதல் ஆட்டமே கொச்சியில் பெங்களூரோடு. கேரளா 2-1 என வென்றது, இரண்டாவது கோல் லூனாவுடையது. அக்டோபர் 27ஆம் தேதி ஒடிசாவுக்கு எதிராக வுகொமனோவிச் டச்லைனுக்குத் திரும்பியபோது கலூர் மைதானம் திருவிழா கோலம். அதிலும் 2-1 வெற்றி.

அந்தக் கோலால் முன்னேறிய பெங்களூரு, அரையிறுதியில் மும்பையை ஷூட்டவுட்டில் 9-8 எனத் தாண்டி, மார்ச் 18ஆம் தேதி கோவாவில் ஏடிகே மோகன் பகானிடம் ஷூட்டவுட்டில் தோற்றது. அந்த இறுதியில் பகானுக்குக் கொடுத்த பெனால்டி, பாக்ஸுக்கு வெளியே நடந்த ஃபவுலுக்கு என்று பெங்களூரு ரசிகர்கள் கொதித்தார்கள். வி.ஏ.ஆர். வந்தே ஆக வேண்டும் என்று கிளப் உரிமையாளர் பார்த் ஜிண்டால் பகிரங்கமாக எழுதினார். இரண்டு வாரம் முன்னால் அதே கோரிக்கையைக் கேரளா ரசிகர்கள் வைத்தபோது வெஸ்ட் பிளாக் சிரித்துக்கொண்டிருந்தது. பெல்ஜியத்தில் இருப்பது போன்ற செலவு குறைந்த வடிவம் பற்றிச் சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே பேசினார். 2023-24, 2024-25 சீசன்கள் வி.ஏ.ஆர். இல்லாமலேயே நடந்து முடிந்தன.

கேட்காமல் விட்ட கேள்விகள்

பிப்ரவரியில் மூன்று தோல்விகள் ஏன்? நெருக்கடி நேரத்தில் கீப்பருக்கும் சுவருக்கும் இடையே பேச ஆள் யார்? 90 நிமிடம் ஆடியும் ஒரு கோல் ஏன் இல்லை? வெளிநடப்பு மட்டும் நடக்காமல், 120 நிமிடம் ஆடி 1-0 என்று தோற்றிருந்தால் மஞ்ஞப்பட இதையெல்லாம் கேட்டிருக்கும். நடுவரையும் திட்டியிருக்கும், அது வேறு. ஆனால் அடுத்த வாரம் பேச்சு அணி பக்கம் திரும்பியிருக்கும். நடந்ததோ, கிளப்பும் ரசிகர்களும் ஒரே பக்கம், சம்மேளனம் மறுபக்கம். அந்தக் கோடைக்காலத்தில் கில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். சகல் அப்துல் சமத் மோகன் பகானுக்குப் போனார், பதிலுக்கு பிரீதம் கோட்டல் வந்தார். ஜெசல் கார்னேரோ சேர்ந்தது, வேறெங்குமில்லை, பெங்களூரில். சகலை விற்றதற்கு மட்டும் கொஞ்சம் சத்தம் எழுந்தது. மற்றபடி ஆசான் எப்போது திரும்புவார் என்று தடை நாட்களை எண்ணுவதிலேயே நேரம் போனது.

வுகொமனோவிச் மூன்று சீசனிலும் அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்னால் இருந்த எவரும் செய்யாதது அது. கோப்பை இல்லாமலே 2024 ஏப்ரலில் பிரிந்தார். அடுத்து வந்த மிகேல் ஸ்டாரே அந்த டிசம்பரைத் தாண்டவில்லை. கேலரிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் நிற்க அப்போது ஆசானும் இல்லை, சபிக்க ஒரு கிரிஸ்டல் ஜானும் இல்லை. மஞ்ஞப்பட நேராக நிர்வாகத்தின் மேல் பாய்ந்தது. வீரர்களை வாங்குவதிலும் விற்பதிலும் என்னதான் திட்டம் என்று கேட்டு, டிக்கெட் விற்பனையில் இனி பங்கெடுப்பதில்லை என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் கேட்டிருக்க வேண்டியதும் இதே கேள்விதான். கில்லும் சகலும் அப்போது மஞ்சள் சட்டையில் இருந்தார்கள்.